குகைக்கு அரை கிலோமீட்டர்

அந்தப் பூங்காவில் பார்ப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, வாசலை ஒட்டியிருக்கும் பழைய அரண்மனைத் தோட்டம். அங்கே கூரை இல்லாத ஒரு குளியலறையும், தண்ணீர் வராத ஒரு நீரூற்றும், குதிரை இல்லாத ஒரு லாயமும் இருக்கின்றன. இதையெல்லாம் கட்டிய அரசர் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அவர் குளித்தார் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். இரண்டாவது, தோட்டத்தின் பின்பக்கம் தொடங்கி மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் நடைபாதை. மூன்றாவது, அந்தப் பாதை போய் முடியும் இடத்தில் இருக்கும் குகை.

முதல் இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவதைச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவதை நாள் தவறாமல் பார்த்தவர் ஒருவர்தான். அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு.

அவர் நடைபாதைக் காவலர். பூங்காவில் அவருக்கு ‘அரைக்கிலோ’ என்று பெயர். ஆள் எண்பது கிலோவுக்குக் குறைய மாட்டார் என்பதால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டு முதலில் குழம்புவார்கள். ஒருநாள் பாதையில் அவருடன் நின்றால் விளங்கிவிடும். “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்று யார் எங்கே நின்று கேட்டாலும் அவர் ஒரே பதிலைச் சொல்வார்.

“அரை கிலோமீட்டர்தான்.”

உண்மையில் தோட்டத்திலிருந்து குகைக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். அதுவும் ஏற்றம். அந்த ஊர் வெயிலுக்கு விடுமுறை கிடையாது. வருஷத்தில் பதினோரு மாதம் அடிக்கும். பன்னிரண்டாவது மாதம் மழை பெய்யும், அப்போதும் வேர்க்கும்.

குகைக்குள் மட்டும் கதை வேறு. பதினைந்து அடி உள்ளே போய்விட்டால் வெயில் என்பது எப்போதோ காதில் விழுந்த செய்தி மாதிரி ஆகிவிடும். நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டைப் பாறை கிடக்கிறது. கூரையிலிருந்து பதினோரு வினாடிக்கு ஒருமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது. மேலே நூறு வௌவால்கள் தொங்குகின்றன. அவை யாரையும் எதுவும் கேட்பதில்லை. அரைக்கிலோ இருபது வருஷமாக மதியச் சாப்பாட்டை அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். குகை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டால், “வேலைங்க, என்ன பண்றது” என்று அலுத்துக்கொள்வார். விடுமுறை நாளிலும் போவார்.

குகை வாசலில் ஒரு மேசையும், மேசையில் ஒரு வருகைப் பதிவேடும், பதிவேட்டில் நூல் கட்டிய ஒரு பென்சிலும் இருக்கும். பென்சிலைச் சீவுவதும் அவர் பொறுப்பு. பல வருஷங்கள் அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. வருஷத்துக்கு ஆயிரம் பேர்கூட வராத குகைகளை இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்றும், அங்கே இருக்கும் காவலரை வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்றலாம் என்றும் மேல் அலுவலகம் முடிவு செய்திருந்தது. அந்த வருஷப் பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. அதில் வழி தவறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதத் தனிப் பத்தி கிடையாது.

வாகன நிறுத்துமிடம் என்பது தார் தரை, தகரக் கூரை, ஒரு விசில். அரைக்கிலோ கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவர் உட்பட எல்லோரும் ‘டிக்கெட் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“விசில் ஊதத் தெரியுமாண்ணே?” என்றார் டிக்கெட் அக்கா.

“விளையாடாதக்கா. ஒரு வழி சொல்லு.”

“நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தினமும் இந்தக் கம்பிக்குப் பின்னாடி உக்காந்து பார்த்துட்டுத்தான இருக்கேன். உங்க வாயைக் கேட்டு நடக்கறவங்க அத்தனை பேரும் குகையைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. போர்டைப் படிக்கறவங்க அத்தனை பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போறாங்க.”

போர்டில் ‘குகை – 2.6 கி.மீ.’ என்று இருந்தது. வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போர்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஐஸ்கிரீம் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள்.

பலகைகளுக்கு வருஷம் ஒருமுறை பெயிண்ட் அடிப்பதும் அரைக்கிலோவின் வேலைதான். அந்த வருஷம் கொஞ்சம் முன்கூட்டியே அடித்தார். பாதையில் மொத்தம் ஐந்து பலகைகள். வாசலில் இருந்த முதல் பலகையில் ‘குகை – ½ கி.மீ.’ என்று எழுதினார். அறுநூறு மீட்டர் தாண்டி இருந்த இரண்டாவது பலகையிலும் அதையே எழுதினார். மூன்றிலும் நான்கிலும் அதையே. ஐந்தாவது பலகைக்கு வந்தபோதுதான் கவனித்தார், அதில் முதலிலிருந்தே அரை என்றுதான் இருந்தது. அங்கிருந்து குகை நிஜமாகவே அரை கிலோமீட்டர். அதை மட்டும் தூசி துடைத்து அப்படியே விட்டுவிட்டார்.

அந்த வருஷம் பதிவேட்டில் மூவாயிரத்து இருநூறு பெயர்கள் ஏறின. பென்சில் நான்கு தீர்ந்தன.

புகார் வரவில்லையா என்றால், வரவில்லை. மூன்றாவது பலகையில் ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் நின்று, “போன போர்டுலயும் அரைன்னுதான போட்டிருந்தது?” என்று கேட்டார். “ஆமாங்க சார், அதுவும் அரைதான்” என்றார் அரைக்கிலோ. ஆசிரியர் தலையாட்டிவிட்டு மேலே நடந்தார். தான் படித்தது சரி என்று ஆனதே அவருக்குப் போதுமாக இருந்தது. மேலே போய்க் குளிர்ந்துவிட்டு இறங்குகிறவர்களோ, ஏறி வருகிறவர்கள் கேட்டால் தாங்களாகவே “பக்கம்தான், பக்கம்தான்” என்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏமாறாத ஆள் ஒருவர் உண்டு. அரைக்கிலோவின் வீட்டிலேயே இருந்தார்.

அரைக்கிலோவின் மனைவி தையல்காரர். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவர். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், சுவரோரம் நீல நிறத் துணிக் கட்டுகள், கழுத்தில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப். அந்த டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணப் போட்டோவில் மட்டும் இல்லை.

கல்யாணமான முதல் மாதம் அரைக்கிலோ அவரைக் குகைக்குக் கூட்டிப்போனார். “எவ்வளவு தூரம்?” என்று புது மனைவி கேட்டார். மாப்பிள்ளை வழக்கமான பதிலைச் சொன்னார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, பலகைகளைப் பார்க்காமல் அவர் வாயை நம்பி மூன்றாவது பலகை வரை வந்த அந்தப் பெண், அங்கே ‘1.5 கி.மீ.’ என்று இருந்ததைப் படித்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“என்னிக்கு உங்க வாயிலேர்ந்து சரியான அளவு வருதோ, அன்னிக்கு வர்றேன்” என்பார்.

“கொஞ்சம் முன்ன பின்ன இருக்கறதுதான்.”

“முன்ன பின்னயா? நான் அரை இஞ்ச் தப்பா வெட்டினா அந்தப் பிள்ளைக்குச் சட்டை மாட்டாது. நீங்க ரெண்டு கிலோமீட்டரை முழுங்கிட்டு ஏப்பம் விடறீங்க.”

குகையைப் பற்றி அரைக்கிலோவிடம் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் மனைவி அதை ஐந்தால் பெருக்கிக்கொள்வாரோ வகுத்துக்கொள்வாரோ என்று தெரியாததால், சொல்லாமலே இருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பூங்காவுக்கு வந்தார். ஐந்து பலகைகளையும் படித்தார். வீட்டுக்குப் போய் நான்கு பக்கம் கடிதம் எழுதி, வரைபடத்தோடு மேல் அலுவலகத்துக்கு அனுப்பினார். அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: ‘நான் குகையை நோக்கி நடக்க நடக்க, குகையும் அதே வேகத்தில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. என் நாற்பது வருடப் பணியில் நகரும் குகை எதையும் நான் அளந்ததில்லை.’

பத்தாம் நாள் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கையில் நீளமான பிடி வைத்த ஒற்றைச் சக்கரம். தள்ளிக்கொண்டே போனால் எத்தனை மீட்டர் என்று ஒரு சின்னக் கண்ணாடிக்குள் எண் ஓடும். காலில் அலுவலகத்துக்குப் போடும் கறுப்பு ஷூ. அவருக்கு இரண்டு வேலைகள் கொடுத்திருந்தார்கள். பலகையில் இப்படி எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பொதுமக்கள் போய்வரத் தக்க இடம்தானா அந்தக் குகை என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். தக்கதல்ல என்று எழுதினால் மறுவாரம் இரும்புக் கதவு.

டிக்கெட் அக்கா கம்பிக்குப் பின்னாலிருந்து விசில் ஊதுவது மாதிரி உதட்டைக் குவித்துக் காட்டினார். அரைக்கிலோ பார்க்காத மாதிரி அதிகாரியோடு நடந்தார்.

இரண்டாவது பலகையில் அதிகாரி நின்றார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதை எழுதினது யாருய்யா?”

“நான்தாங்க ஐயா.”

முதல் வேலை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அதிகாரி எதிர்பார்க்கவில்லை. குறித்துக்கொண்டார். சக்கரம் மறுபடி உருண்டது.

மூன்றாவது பலகைக்கு வந்தபோது கண்ணாடிக்குள் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு என்று இருந்தது. அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்பு அரைக்கிலோவின் மனைவி உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்தார். அந்தக் கல்லில் அப்படி ஏதோ இருந்தது. பையைத் திறந்து தாளை எடுத்தார்.

“போதும்யா. இங்கேர்ந்தே எழுதிடறேன். மனுஷன் போற இடமா இது?”

“குகையப் பார்க்கலீங்களா ஐயா?”

“பார்த்துத்தான் ஆகணுமா? சரி, உண்மையச் சொல்லு. போர்டுல இருக்கறதச் சொல்லாத. இங்கேர்ந்து எவ்வளவு?”

இங்கேயிருந்து ஒன்றரை கிலோமீட்டர். உண்மையைச் சொன்னால் அதிகாரி இந்தக் கல்லிலேயே குகையை மூடிவிட்டு எழுந்து போவார். பொய் சொன்னால், கையிலேயே சக்கரம் வைத்திருக்கும் மனிதரிடம் சொல்ல வேண்டும். தள்ளத் தள்ள அது காட்டிக்கொடுக்கும். அரைக்கிலோ மேலே பாதையைப் பார்த்தார். தன்னுடைய பதிலைப் பற்றி அவர் முதல் தடவையாக யோசித்தார். மூன்று வினாடி ஆயிற்று.

“அரை கிலோமீட்டர்தாங்க ஐயா.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாளைப் பையில் வைத்தார். எழுந்தார்.

நான்காவது பலகையில், “இங்கேயும் அரையா?” என்றார். “ஆமாங்க” என்றார் அரைக்கிலோ. ஐந்தாவதில் அதிகாரி எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு மூச்சு இல்லை.

இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்காவது மீட்டரில் குகை வந்தது. அதிகாரி வாசலில் சக்கரத்தைச் சாய்த்து வைத்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தபடியே உள்ளே நுழைந்தார். பதினைந்து அடியில் வாய் மூடிக்கொண்டது. ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். தட்டைப் பாறையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். நாற்பது நிமிஷம் தூங்கினார். சொட்டு நெற்றியில் விழாதபடி அரைக்கிலோ இரண்டு தடவை அவர் தலையை நகர்த்தி வைத்தார்.

இறங்கும்போது நான்காவது பலகையருகே ஒரு குடும்பம் எதிரே வந்தது. அப்பா, அம்மா, இடுப்பில் குழந்தை. “இன்னும் எவ்வளவு தூரங்க?” என்று அப்பா கேட்டார்.

அதிகாரி சக்கரத்தின் கண்ணாடியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். “சரியா ஆயிரத்து நாலு மீட்டர்” என்றார் பெருமையாக.

குடும்பம் அந்த நிமிஷமே திரும்பிக் கீழே நடந்தது.

அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது. “என்னய்யா, போறாங்க?”

“ஆமாங்க ஐயா. நம்பர் சொன்னா போயிடுவாங்க.”

“உள்ள எப்படி இருக்கும்னு பார்க்காமலேவா?”

“பார்க்காமலேதாங்க.”

மூன்றாவது பலகையருகே நான்கு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அதிகாரி அவர்கள் கேட்பதற்கு முன்பே, “அரை கிலோமீட்டர்தான், போங்க போங்க. உள்ள ஏசி போட்ட மாதிரி இருக்கு” என்றார். இரண்டாவது பலகையருகே ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அங்கிருந்து குகை இரண்டு கிலோமீட்டர். “கால்தான்” என்றார் அதிகாரி.

அரைக்கிலோ திடுக்கிட்டுப்போனார். இருபது வருஷத்தில் அவர் ஒருநாளும் அரைக்குக் கீழே இறங்கியதில்லை.

ஆனால் அதிகாரி பாதையில் ஒரு மனிதர், மேசையில் இன்னொருவர். அடுத்த வாரம் ஆணை வந்தது. குகை பொதுமக்கள் பார்க்க மிகவும் ஏற்ற இடம். அதனால் இப்போதைக்குத் திறந்திருக்கலாம். பலகைகளில் உண்மையான தூரத்தை மட்டுமே எழுத வேண்டும். காவலரும் வாயால் வேறு தூரம் சொல்லக் கூடாது. இப்படி உண்மையை எழுதிய பிறகு மூன்று மாதத்தில் இருநூற்றைம்பது பேராவது குகைக்கு வர வேண்டும். வராவிட்டால் பழைய முடிவே செல்லும். அதாவது கதவு, தகரக் கூரை, விசில்.

அரைக்கிலோ பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் 2.6, 2.0, 1.5, 1.0 என்று எழுதினார். ஐந்தாவது பலகைக்கு வேலை இல்லை. முதல் மாதம் பதிவேட்டில் இருபத்தேழு பெயர்கள். யாராவது தூரம் கேட்டால் அவர் பலகையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஐஸ்கிரீம்காரர் இரண்டாவது வண்டி வாங்கினார்.

“என்ன, சாப்பாட்டுல மனசே இல்ல?” என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டார்.

அரைக்கிலோ விஷயத்தைச் சொன்னார். பலகை, இருநூற்றைம்பது பேர், விசில், எல்லாம். மனைவி முழுதாகக் கேட்டார். அவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

“அப்ப போர்டுல இப்ப சரியான அளவா?”

“ஆமா.”

“நீங்களா எழுதினீங்க?”

“என் கையாலதான்.”

“ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, டேப் கழுத்தில் கிடக்கக் கிளம்பினார். ஒவ்வொரு பலகையிலும் நின்று படித்தார். 2.6. சரி என்று தலையாட்டினார். 2.0. சரி. மூன்றாவது பலகையில் அந்தக் கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். 1.0. அரைக்கிலோ பின்னாலேயே, மூச்சுக் காட்டாமல் நடந்தார்.

ஐந்தாவது பலகை வந்தது. ‘குகை – ½ கி.மீ.’

மனைவி நின்றார். பலகையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இது பழைய பெயிண்ட்டு.”

“ஆமா, இத மாத்தலை.”

“ஏன்?”

“இங்கேர்ந்து நிஜமாவே அரை கிலோமீட்டர்தான்.”

சொன்ன உடனே அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த வாய், அந்தக் குரல், அந்த ராகம். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட அதே வாக்கியம். மனைவி சுற்றும் முற்றும் பார்த்து ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார்.

“நான் வரல.”

“ஏம்மா, சத்தியமா அரைதான்.”

“மூணாவது போர்டுலயும் சத்தியம்தான் பண்ணீங்க.”

“அது அப்ப. இது இப்ப. அதிகாரி சக்கரம் வெச்சு அளந்தாரு.”

“அந்தச் சக்கரத்த நான் பார்த்தேனா?”

அரைக்கிலோ வெயிலில் நின்றார். பெயிண்ட் அடிக்காமல் விட்ட ஒரே பலகையில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தார். குகை அங்கிருந்து, அவர் அறிந்தவரை, ஐந்நூறு மீட்டரில் இருந்தது. மனைவி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

“இந்த முனையப் பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்கன்னா பிடிங்க. நூத்தைம்பது சென்டிமீட்டர். எண்ணிக்கை நான் வெச்சுக்கறேன். உங்ககிட்ட விடமாட்டேன்.”

தையல் டேப்பால் மலைப்பாதையை அளக்க ஆரம்பித்தார்கள். அவர் குனிந்து முனையைத் தரையில் அழுத்துவார், மனைவி டேப்பை நீட்டி முன்னே போய்க் கல்லால் ஒரு கோடு கிழிப்பார். “ஒண்ணு.” அவர் எழுந்து கோட்டுக்கு வருவார். “ரெண்டு.” எண்பதாவது டேப்பில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “நிமிராதீங்க, அளவு தப்பிடும்” என்றார் மனைவி. முந்நூற்று இருபத்தொன்பதாவது டேப் குகை வாசலில் முடிந்தது.

மனைவி மனதுக்குள் பெருக்கினார். “நானூத்தித் தொண்ணூத்து மூணரை மீட்டர். ஆறரை மீட்டர் குறையுது.”

“பார்த்தியா? நான் சொன்னதவிடக் கம்மி!”

“அப்பவும் தப்புத்தான.”

உள்ளே போனார்கள். மனைவி தட்டைப் பாறையில் உட்கார்ந்தார். வியர்வை காய்ந்தது. வௌவால்கள் அவரையும் எதுவும் கேட்கவில்லை. சொட்டு விழுந்தது.

“பதினோரு செகண்டுக்கு ஒண்ணு விழும்” என்றார் அரைக்கிலோ. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தவற்றில் இது ஒன்று.

மனைவி மூன்று சொட்டுவரை விரல்விட்டு எண்ணினார். “பன்னெண்டு.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

“இங்க உக்காந்துதான் இத்தனை வருஷமாச் சாப்பிட்டீங்களா?”

“ஆமா.”

“தனியாவா?”

“வௌவால் இருக்கு.”

“நல்லா இருக்கீங்க” என்றார் மனைவி. “நான் அங்க ரெண்டு மெஷினுக்கு நடுவுல வெந்துட்டிருக்கேன்.”

அவர் அங்கிருந்து எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கருத்து என்ற பத்தியில் ‘ஆறரை மீட்டர் குறைவு’ என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பி எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணினார். இரண்டு மாதம்கூட மீதி இல்லை.

“இந்த வாசல்ல கதவு போடவா போறாங்க?”

“ஆமா.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை கீழேர்ந்து அளக்கணும்” என்றார். “ஒரு இடத்துல தப்புன்னா எல்லா இடத்துலயும் தப்பாத்தான் இருக்கும்.”

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஆட்கள் நிறைந்த அரண்மனைத் தோட்டத்தில், முதல் பலகையின் காலடியிலிருந்து தொடங்கினார்கள். சீருடை போட்ட காவலர் ஒருவர் குனிந்து டேப் பிடிப்பதையும், ஒரு பெண் எண்ணிக்கொண்டே கோடு போடுவதையும் பார்த்து, ஐஸ்கிரீமோடு நின்ற ஒரு பெண்மணி கிட்டே வந்தார்.

“என்ன அளக்கறீங்க?”

“தூரம். நாப்பத்தொண்ணு.”

“எதுக்கு?”

“இவர் ஒண்ணு சொன்னாரு. நான் நம்பல. நாப்பத்திரண்டு.”

அந்தப் பெண்மணிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம். இரண்டாவது பலகை தாண்டியபோது எண்ணிக்கையைக் கூட்டமே ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தது. எத்தனையில் முடியும் என்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிவிட்டதால் யாராலும் பாதியில் திரும்ப முடியவில்லை. ஒருவர் ஆயிரம் என்று சொல்லியிருந்தார். ஆயிரம் தாண்டிய பிறகும் தோல்வியை ஒத்துக்கொள்ளாமல் கூடவே நடந்தார். ஒரு மணிக்குக் குகை வந்தது.

“ஆயிரத்து எழுநூத்து இருபத்தொண்ணு!”

முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே போகச் சொல்லியும் போகவில்லை.

கீழே இறங்கும்போது மனைவி ஒவ்வொரு பலகையையும் மறுபடி படித்தார். முதல் பலகைக்கு வந்ததும் நின்றார்.

“உங்க ஆணையில உண்மையான தூரம் எழுதணும்னுதான போட்டிருக்கு? எந்தக் கணக்குல எழுதணும்னு போட்டிருக்கா?”

அரைக்கிலோ ஆணையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்தார். போட்டிருக்கவில்லை.

மறுநாள் பலகைகளுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார். முதல் பலகையில் இப்போது ‘குகை – 1721 டேப்’ என்று இருக்கிறது. ஐந்தாவதில் ‘குகை – 329 டேப்’. வருகிறவர்கள் படிக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அது எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் யாருக்கும் மனமில்லை. “அவ்வளவுதானா?” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நடக்கிறார்கள். யாராவது அரைக்கிலோவிடம் தூரம் கேட்டால் அவர் நிமிர்ந்து நின்று, உள்ளது உள்ளபடி, டேப் கணக்கில் பதில் சொல்கிறார். மூன்று மாதக் கெடு முடிந்தபோது பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அதிகாரிக்கு விவரம் எழுதினார்கள். ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு வரி வந்தது. கீழே, பச்சை மையில், சொட்டு இப்போதும் விழுகிறதா என்று கேட்டிருந்தார்.

மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மேலே போகிறார். பாறையில் பாதி இடம் அவருக்கு. அரைக்கிலோ மீதிப் பாதியில் சாப்பிடுகிறார்.

நில அளவையர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 1721 என்பதைத் தானே சரிபார்க்க வேண்டும் என்று சொந்த டேப்போடு வந்துவிட்டார். தினமும் காலையில் வாசலில் குனிகிறார். ஐந்நூறு, அறுநூறு வரை ஒழுங்காகப் போகும். அப்போது ஏறி வருகிற யாராவது, “ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பார்கள். எண்ணிக்கை மறந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், அவர் தலையைத் தூக்காமலே, “பக்கம்தான், பக்கம்தான்” என்பார். அதற்குள் எண்ணிக்கை மறந்துபோகும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு நிமிஷம் குளிர்ந்துவிட்டுப் போகலாம் என்று மேலே நடப்பார். பதிவேட்டில் இதுவரை இருபத்து மூன்று கையெழுத்துகள் அவருடையவை. கருத்து என்ற பத்தியில் ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதுகிறார்: ‘அளவை முடியவில்லை. நாளை வருகிறேன்.’